பாகூர் ஏரியும் இமயமலைப் பனியும்: மலையில் பனி குறைந்தால் என்ன ஆகும்?

பனி என்றாலே நம்ம பக்கத்தில் எல்லாருக்கும் மார்கழி மாசம்தான் ஞாபகம் வரும். காலையில் பைக் சீட் நனைஞ்சிருக்கும், வயல் வரப்பில் நடந்தா கால் ஈரமாகும். இந்தக் கட்டுரையில் பேசப்போற பனி அது இல்லை. தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லை நாலஞ்சு விஷயத்துக்குப் பயன்படுத்துறோம். அதனால முதல்ல அதைப் பிரிச்சு வெச்சுப்போம்.

நம்ம ஊர் மார்கழிப் பனி என்பது காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து தண்ணீராகப் படிவது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகத் தெரியுமே, அது உறைபனி. அங்கே ஈரம் தரையிலேயே நேரடியாக உறைஞ்சு படியுது. மேகத்திலிருந்து பஞ்சு மாதிரி கொட்டுறது வெண்பனி, அதாவது ஸ்நோ. அந்த வெண்பனி வருஷக்கணக்கில் உருகாமல் ஒண்ணு மேல ஒண்ணு அழுந்தி, பனிக்கட்டியாக இறுகி, தன் எடையாலேயே மெதுவாக நகர ஆரம்பிச்சா அது பனியாறு, அதாவது கிளேசியர்.

செய்தியில் அதிகமா அடிபடுறது பனியாறுதான். ஆனா இமயமலையில் ஒவ்வொரு குளிர்காலமும் விழுந்து, ஒவ்வொரு வெயில் காலமும் கரைஞ்சு போற வெண்பனிப் போர்வைக்கு என்ன ஆகுதுன்னு நிறைய பேர் கவனிக்கிறதில்லை. கோடிக்கணக்கான பேரின் விவசாயம் அதை நம்பித்தான் இருக்கு. இந்தக் கட்டுரை அதைப் பத்தினது. கொஞ்சம் கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், ப்ளஸ் டூ இயற்பியல் போதும்.

பனி என்பது கரையில்லாத ஏரி

பிள்ளையார்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு இமயமலைப் பனியைப் புரிஞ்சுக்க சுலபமான வழி, பாகூர் ஏரியை நினைச்சுப் பார்ப்பது. தென்பெண்ணையில் தண்ணீர் வரும்போது சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அது ஏரிக்கு வருது. மழை பெய்யுறது ஐப்பசி, கார்த்திகையில். பயிருக்குத் தண்ணீர் வேண்டியது அதுக்கப்புறமும் பல வாரங்களுக்கு. நடுவில் இருக்கிற இந்த இடைவெளியை நிரப்புறதுதான் ஏரியின் வேலை. கிடைக்கும்போது பிடிச்சு வெச்சு, மதகு வழியா வேண்டும்போது கொடுக்குது.

இமயமலையில் இதே வேலையை வெண்பனி செய்யுது. மேற்கு இமயமலைக்குக் குளிர்கால மழையும் பனியும் கொண்டு வருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் காற்றுச் சுழற்சிகள். 'மேற்கத்திய இடையூறுகள்' என்று வானிலை அறிக்கையில் கேட்டிருப்பீங்க. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அவை கொட்டுற பனி, மலைச்சரிவில் அப்படியே நிற்கும். ஏப்ரல், மே, ஜூனில் கொஞ்சம் கொஞ்சமாக உருகி சிந்து, செனாப், சட்லெஜ் ஆறுகளில் இறங்கும். தென்மேற்குப் பருவமழை வட இந்தியாவை எட்டுவதற்கு முந்தைய அந்த வறண்ட மாதங்களில் ஆற்றில் ஓடுற தண்ணீரில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். கரை கட்டல, கலிங்கு கட்டல, தூர் வாரவும் ஆள் வேண்டாம். குளிர்தான் கரை, வெயில்தான் மதகு.

எவ்வளவு தண்ணீர் அதில் இருக்கு? அதை 'பனியின் நீர்ச் சமானம்' என்று அளப்பாங்க. புதுசா விழுந்த பனியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. அதாவது 10 செ.மீ. பனியை உருக்கினால் 1 செ.மீ. தண்ணீர்தான். அதே பனி சில வாரம் இருந்து அமுங்கிட்டா 300 கிலோ வரைக்கும் போகும். அப்படி அமுங்கிய பனி 1 மீட்டர் ஆழத்துக்கு 1 சதுர கிலோமீட்டரில் கிடக்குதுன்னு வெச்சுக்குவோம். தண்ணீரின் ஆழம் 30 செ.மீ. மொத்த அளவு 3 லட்சம் கன மீட்டர், அதாவது 30 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அடிச்சா 25,000 லோடு. இது ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு.

முதல் பாதிப்பு: பனி மழையாக மாறுகிறது

மலையில் மேல ஏற ஏற குளிரும். சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை 10 டிகிரின்னா, 0 டிகிரி எந்த உயரத்தில் வரும்? 10-ஐ 6.5-ஆல் வகுத்தால் சுமார் 1.54 கி.மீ. ஆக 3,040 மீட்டர் அளவில். அதுக்கு மேல விழுறது பனி, அதுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் பனியும் மழையும் கலந்து, இன்னும் கீழ வெறும் மழை.

இப்போ காற்று 1 டிகிரி சூடாகட்டும். அந்தக் கோடு சுமார் 150 மீட்டர் மேலே ஏறிடும். 2 டிகிரின்னா 300 மீட்டர். மலையின் படத்தை மனசுல வரைஞ்சு, 300 மீட்டர் பட்டையை மலையைச் சுத்தி அழிச்சுப் பாருங்க. அந்தப் பட்டை முழுக்க முன்னாடி குளிர்காலத்தில் பனி விழுந்த இடம். இனிமே அங்கே மழைதான்.

'மழைன்னாலும் தண்ணீர்தானே, என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம். மொத்த அளவு மாறலைன்னாலும் நேரம் மாறிடுது. பனியாக விழுந்தால் ஜனவரித் தண்ணீர் மே மாசம் வரை மலையிலேயே நிற்கும். மழையாக விழுந்தால் அதில் பெரும்பகுதி அன்னைக்கே ஆற்றில் இறங்கி ஓடிடும்.

தண்ணீர் ஒரே நேரத்தில் வந்தா என்ன ஆகும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அந்தத் தண்ணீரில் எவ்வளவை நாம பிடிச்சு வெச்சோம்? ஏரியும் குளமும் கொள்ளுற அளவுக்கு மேல எல்லாம் கடலுக்குத்தான் போச்சு. வருஷக் கணக்குப் பார்த்தா அந்த வருஷம் 'நல்ல மழை'. ஆனா பயிருக்கு வேண்டியது வருஷக் கூட்டுத்தொகை இல்லை, அந்தந்த வாரத்துக்கான தண்ணீர்.

இரண்டாவது பாதிப்பு: வெண்மை குறைந்தால் வேகம் கூடும்

புதுப் பனி சூரிய ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பிடும். வெறும் மண், பாறை என்றால் சுமார் 20 சதவீதம்தான் திரும்பும், மீதியை உள்ளே வாங்கிக்கும். பனியின் ஓரம் கரைஞ்சு மண் தெரிய ஆரம்பிச்சா, அந்த மண் சூடாகி பக்கத்துப் பனியையும் கரைக்கும். கரைஞ்ச இடத்தில் இன்னும் மண். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்களுக்கு இது பாசிட்டிவ் ஃபீட்பேக். அவுட்புட்டே திரும்ப இன்புட்டாகி தன்னைத்தானே பெருக்கிக்குது.

இதில் புகைக்கும் பங்கு இருக்கு. டீசல் எஞ்சின், விறகு அடுப்பு, செங்கல் சூளை, வயலில் தாளடி எரிப்பது ஆகியவற்றிலிருந்து வரும் கரித்துகள் காற்றில் ஏறி பனி மேல படியும். பனி லேசா அழுக்காகும். கண்ணுக்குப் பெருசா தெரியாத அந்த அழுக்கு என்ன செய்யும்னு ஒரு கணக்குப் போடுவோம்.

1 கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேணும். இது 1 லிட்டர் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்குற அளவு. வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் என்று 6 மணி நேரம் அடிக்குதுன்னு எடுத்துக்குவோம். பனி ஏற்கெனவே 0 டிகிரியில் இருக்கு. வேற வழியில் வரும் வெப்பத்தை விட்டுடுவோம்.

சுத்தமான பனி 85 சதவீதம் திருப்பினால் உள்ளே போவது 75 வாட். 6 மணி நேரத்தில் 1.62 மெகாஜூல். உருகுறது சுமார் 4.9 கிலோ, அதாவது 4.9 மி.மீ. தண்ணீர். அழுக்கான பனி 60 சதவீதம் திருப்பினால் உள்ளே போவது 200 வாட். உருகுறது சுமார் 12.9 மி.மீ. அதே வெயில், அதே பனி. ஆனா இரண்டரை மடங்குக்கு மேல வேகம். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட மாறாமலேயே இது நடந்துடும்.

மூன்றாவது பாதிப்பு: உருகும் தேதி முன்னே வருகிறது

ஆற்றில் எவ்வளவு பனி நீர் வரும்னு கணிக்க நீரியல் பொறியாளர்கள் ஒரு எளிய முறை வெச்சிருக்காங்க. பேரு டிகிரி-நாள் முறை. 0 டிகிரிக்கு மேல இருக்கிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு நாளைக்கு இத்தனை மி.மீ. உருகும் என்று ஒரு எண்ணை எடுத்துக்கிட்டு, அதை சராசரி வெப்பநிலையால் பெருக்கணும். அவ்வளவுதான்.

அந்த எண் 4 என்று வெச்சுக்குவோம். நாளின் சராசரி 5 டிகிரி என்றால் 4 × 5 = 20 மி.மீ. உருகும். நாம முன்னாடி பார்த்த 30 செ.மீ. நீர்ச் சமானம், அதாவது 300 மி.மீ., 15 நாளில் காலியாகும். சராசரி 7 டிகிரி ஆனால் நாளைக்கு 28 மி.மீ., சுமார் 11 நாளில் காலி. குளிர்காலத்தில் பனியே 20 சதவீதம் குறைவா விழுந்து, வெப்பமும் 7 டிகிரின்னா 240 மி.மீ. பனி 9 நாளுக்குள் முடிஞ்சிடும். 15 நாள் ஓடின வாய்க்கால் 9 நாள்தான் ஓடும். அதுவும் வழக்கமான தேதிக்கு முன்னாடியே உருக ஆரம்பிச்சா, விதைக்கிற நேரத்தில் வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கும்.

மேலிருந்து எப்படி அளக்கிறாங்க?

இமயமலை முழுக்க ஆள் போய் அளவுகோல் நட முடியாது. சில இடங்களில் நிலையங்கள் இருக்கு. உதாரணமா, கோவாவில் இருக்கிற தேசிய துருவ மற்றும் கடல் ஆய்வு மையம் 2016-இல் ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பகுதியில் 'ஹிமான்ஷ்' என்ற ஆய்வு நிலையத்தை ஆரம்பிச்சது. மற்றபடி பரப்பை அளக்க சாட்டிலைட்தான். நாசாவின் டெர்ரா செயற்கைக்கோள் 1999 டிசம்பரில் ஏவப்பட்டது. அதிலுள்ள மோடிஸ் கருவி 2000-லிருந்து தினமும் படம் எடுக்குது. ஒரு பிக்சல் 500 மீட்டர்.

மேலிருந்து பார்த்தா பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை. எப்படிப் பிரிப்பது? பச்சை ஒளியில் ரெண்டும் பளிச்சுன்னு இருக்கும். ஆனா கண்ணுக்குத் தெரியாத குறும் அகச்சிவப்பு அலையில் பனி கிட்டத்தட்ட கருப்பு, மேகம் அப்பவும் வெளிச்சம்தான். இதை வெச்சு ஒரு குறியீடு செஞ்சாங்க. பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழிச்சு, ரெண்டையும் கூட்டினதால் வகுக்கணும்.

பனி: பச்சை 0.85, அகச்சிவப்பு 0.10. விடை 0.75 / 0.95 = 0.79.
மேகம்: 0.75, 0.60. விடை 0.15 / 1.35 = 0.11.
வெறும் மண்: 0.15, 0.30. விடை −0.15 / 0.45 = −0.33.

(இவை விளக்கத்துக்காக எடுத்துக்கிட்ட மாதிரி எண்கள்.) 0.4-க்கு மேல வந்தா பனி என்பது வழக்கமான எல்லை. இங்கே ஒரு பொறி இருக்கு. தண்ணீரும் அகச்சிவப்பில் ரொம்பக் கருப்பு. ஒரு ஏரிக்குப் பச்சை 0.06, அகச்சிவப்பு 0.01 என்று வந்தா விடை 0.71! பாகூர் ஏரியில் பனி கிடக்குதுன்னு உங்க ப்ரோகிராம் சொல்லிடும். அதனாலதான் மோடிஸ் முறையில் இன்னொரு நிபந்தனை சேர்த்தாங்க. அண்மை அகச்சிவப்பில் 11 சதவீதத்துக்கு மேல ஒளி திரும்பி வந்தால்தான் பனி. தண்ணீர் அதில் தேறாது, ஏரி தானா வெளியே போயிடும்.

இந்த முறையில் பனியின் பரப்பு தெரியும், ஆழம் தெரியாது. மேகம் மூடியிருந்தா பரப்பும் தெரியாது. அதனால 'பனிப்பரப்பு' என்று ஒரு எண்ணைப் படிக்கும்போது அது தண்ணீரின் அளவு இல்லை என்பதை ஞாபகம் வெச்சுக்கணும்.

உண்மையில் என்ன நடந்திருக்கு?

ஐ.பி.சி.சி. 2019-இல் வெளியிட்ட கடல் மற்றும் பனிமண்டலம் குறித்த சிறப்பு அறிக்கையின்படி, உலகின் பெரும்பாலான மலைப்பகுதிகளில், குறிப்பா குறைந்த உயரங்களில், பனி தரையில் நிற்கும் காலம் பத்து வருஷத்துக்குச் சராசரியா 5 நாள் குறைஞ்சிருக்கு.

நம்ம பக்கத்து மலைத்தொடருக்கு காத்மாண்டுவில் இருக்கிற ஐசிமோட் என்ற பன்னாட்டு மையம் வருஷா வருஷம் கணக்கு வெளியிடுது. ஆப்கானிஸ்தானிலிருந்து மியான்மர் வரை நீளும் இந்து குஷ் இமயமலையில் 12 பெரிய ஆற்றுப் படுகைகள். மலையிலேயே வாழ்றவங்க சுமார் 24 கோடி, கீழே அந்த ஆறுகளை நம்பியிருக்கிறவங்க சுமார் 165 கோடி. இந்த ஆறுகளின் வருடாந்திர நீரோட்டத்தில் சராசரியா கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு பனி உருகி வருவது. 2025 ஏப்ரலில் ஐசிமோட் சொன்னது: அந்தக் குளிர்காலத்தில் பனி தரையில் நீடிச்ச அளவு வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு, 23 வருஷத்தில் இதுதான் மிகக் குறைவு. அது தொடர்ந்து மூணாவது குறைவான வருஷம்.

எண்ணாகச் சொன்னா மனசில் நிற்காது. காஷ்மீரின் குல்மர்க்கை எடுத்துக்குங்க. பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊர். டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை அங்கே 'சில்லாய் கலான்' என்று சொல்வாங்க. நமக்கு அக்னி நட்சத்திரம் மாதிரி, அவங்களுக்கு அது. 2024 ஜனவரியில், அந்த 40 நாளுக்கு நடுவில், குல்மர்க் சரிவுகள் பழுப்பு நிறப் புல்லாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி இல்லாததால் தள்ளி வைக்கப்பட்டன.

சுற்றுலாவை விடுங்க. பனி குறைஞ்ச வருஷத்தில் ஆப்பிள் தோட்டத்துக்காரருக்கும், செனாப்பில் ஓடும் நீர்மின் நிலையத்துக்கும், பக்ரா அணை நிரம்புமான்னு காத்திருக்கிற பஞ்சாப் விவசாயிக்கும் சேர்த்துதான் அடி விழுது.

லடாக்கில் ரெண்டு பொறியாளர்கள்

இந்தப் பிரச்சனை எங்கே கூர்மையா தெரியுதுன்னா லடாக்கில். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கு. வருஷத்துக்கு மழையும் பனியும் சேர்த்து சுமார் 10 செ.மீ.தான். ஃபெஞ்சல் அன்னைக்கு நமக்கு ஒரே நாளில் பெய்ஞ்சதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பார்லி, கோதுமை விதைக்கிறது ஏப்ரல், மே மாசத்தில். ஆனா உயரத்தில் இருக்கிற பனியாறு நல்லா உருகி கீழே வர்றது ஜூனுக்கு அப்புறம். நடுவில் இருக்கிற அந்த வாரங்களைக் கீழ்ச்சரிவுப் பனிதான் காப்பாத்தணும். முதலில் காணாமல் போறதும் அந்தக் கீழ்ச்சரிவுப் பனிதான்.

சேவாங் நோர்பெல் ஒரு சிவில் இன்ஜினியர், அரசு வேலையில் இருந்தவர். குளிர்காலத்தில் யாருக்கும் பயன்படாமல் ஓடுற ஓடைத் தண்ணீரைத் திருப்பி, மலையின் நிழல் விழும் பக்கத்தில் சின்னச் சின்னக் கல் தடுப்புகளுக்குப் பின்னால் மெல்லப் பரவ விட்டார். அது அடுக்கடுக்கா உறைஞ்சது. கிராமத்துக்குக் கொஞ்சம் மேல, இயற்கைப் பனியாற்றைவிட ரொம்பத் தாழ்வான இடத்தில் இருந்ததால் ஏப்ரலிலேயே உருகி வயலுக்கு வந்தது. 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. நம்ம முன்னோர் வரத்து வாய்க்கால் வெட்டி ஏரியை நிரப்பின அதே யோசனைதான். ஏரிக்குப் பதில் பனிக்கட்டி.

அடுத்து மெக்கானிக்கல் படிச்ச சோனம் வாங்சுக். தட்டையா கிடக்கிற பனிக்கட்டிக்கு நிழல் வேணும், இல்லைன்னா சீக்கிரம் உருகிடும். அதைச் செங்குத்தா, ஸ்தூபி மாதிரி வளர்த்தா என்ன என்று யோசிச்சார். மேலிருக்கிற ஓடையிலிருந்து குழாயைப் புதைச்சுக் கீழே கொண்டு வந்தா, உயர வித்தியாசத்தாலேயே தண்ணீர் நீரூற்றா எழும்பும். மோட்டார் வேண்டாம். உறைநிலைக்குக் கீழே இருக்கிற இரவுக் காற்றில் அது சிதறி விழும்போது உறைஞ்சு கூம்பா வளரும். 2013-14 குளிர்காலத்தில் முதல் மாதிரி உருவாச்சு.

ஏன் கூம்பு? 1,000 கன மீட்டர் பனிக்கட்டியை அரை மீட்டர் கனத்தில் பரப்பினால் வெயில் படும் பரப்பு 2,000 சதுர மீட்டர். அதையே உயரமும் ஆரமும் சமமான கூம்பா நிறுத்தினால் ஆரம் சுமார் 9.85 மீட்டர், பக்கப் பரப்பு சுமார் 430 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. நாம பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செஞ்ச கூம்பு ஃபார்முலா ஒரு கிராமத்துக்கு விதைப்புத் தண்ணீர் கொடுக்குது.

ஆனா இதை முழுத் தீர்வுன்னு எடுத்துக்கக் கூடாது. குளிர்காலத்தில் ஓடையில் தண்ணீர் இருந்தால்தான் ஸ்தூபி வளரும். அந்தத் தண்ணீருக்கும் மூலம் மேலே இருக்கிற பனிதான். ஏரியை எவ்வளவு தூர் வாரினாலும் வரத்து வாய்க்கால் வறண்டா என்ன செய்ய முடியும்?

நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாகச் சொன்னா, தென்பெண்ணையிலோ சங்கராபரணியிலோ காவிரியிலோ ஒரு சொட்டுகூடப் பனி நீர் கிடையாது. நம்ம ஆறுகள் முழுக்க மழையை நம்பினவை. ஆனா இந்தியாவில் 'இமயமலைப் பனி' ஒரு ஆராய்ச்சி விஷயமானதில் தெற்கில் விழுந்த பஞ்சத்துக்கும் பங்கு இருக்கு.

1876 முதல் 1878 வரை, நம்ம பாட்டிமார் கதைகளில் வருகிற தாது வருஷப் பஞ்சம், சென்னை மாகாணத்தை உலுக்கிப் போட்டது. பருவமழை தவறப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி உண்டா என்ற கேள்வி எழுந்தது. 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். அவர் 1884-இல் சொன்ன கருத்து: இமயமலையில் பனி அதிகமா கிடந்தா, அடுத்து வரும் தென்மேற்குப் பருவமழை குறையும். காரணம் நாம மேலே பார்த்ததுதான். வெயிலில் பாதி பனியில் பட்டுத் திரும்பிடும், மீதி பனியை உருக்கவே செலவாகும். நிலம் சூடாகத் தாமதமாகும். நிலம் சூடானால்தான் கடல் காற்றை உள்ளே இழுக்கும். இதை வெச்சு அவர் பருவமழைக்கு முன்னறிவிப்பே கொடுத்தார்.

அப்போ பனி குறைஞ்சா நமக்கு நல்ல மழையா? அப்படி இல்லை. அந்த உறவு எல்லா வருஷமும் ஒரே மாதிரி நிற்கலைன்னு பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டின. பசிபிக் கடலின் எல் நினோ மாதிரி வேற பல காரணங்கள் சேர்ந்துதான் பருவமழையைத் தீர்மானிக்குது. இதிலிருந்து எடுத்துக்க வேண்டியது: 2,500 கி.மீ. தள்ளி இருக்கிற பனியும் நம்ம தலைக்கு மேல போற காற்றும் ஒரே எந்திரத்தின் பாகங்கள்.

சோத்துக் கணக்கும் இருக்கு. ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரி போடுற சப்பாத்திக்கான கோதுமை நம்ம பக்கம் விளையுறது இல்லை. பஞ்சாப், ஹரியானா மாதிரி வட மாநிலங்களில் விளையுது. அங்கே வாய்க்கால் வத்தினா, விலை இங்கே ஏறும்.

குழப்பிக்கக் கூடாத மூணு விஷயம்

ஒண்ணு. 'இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் காணாமல் போயிடும்' என்று இன்னும் ஃபார்வர்ட் வருது. அது 2007 ஐ.பி.சி.சி. அறிக்கையில் நுழைஞ்ச தவறான வரி. 2010-இல் அந்த அமைப்பே தவறுன்னு அறிவிச்சிடுச்சு. அதுக்காக ஆபத்து இல்லைன்னு அர்த்தம் இல்லை. ஐசிமோட் 2023 அறிக்கைப்படி, 2011-2020 காலத்தில் பனியாறுகள் அதுக்கு முந்தைய பத்து வருஷத்தைவிட 65 சதவீதம் வேகமா பனியை இழந்திருக்கு.

ரெண்டு. வருஷா வருஷம் விழுந்து கரையுற வெண்பனி கடல் மட்டத்தை உயர்த்தாது. அது கடலிலிருந்து வந்து கடலுக்கே போற சுற்று. பழைய பனியாறு நிரந்தரமா கரைஞ்சா மட்டும்தான் கடலில் புதுத் தண்ணீர் சேரும்.

மூணு. ஒரு வருஷம் பனி கொட்டினா பிரச்சனை தீர்ந்ததுன்னு இல்லை, ஒரு வருஷம் விழலைன்னா எல்லாம் முடிஞ்சதுன்னும் இல்லை. 20, 30 வருஷப் போக்கைப் பார்க்கணும். இடத்துக்கு இடமும் மாறும். காரகோரம் பகுதியில் சில பனியாறுகள் நீண்ட காலம் குறையாமலே நின்னிருக்கு.

நீங்களே செஞ்சு பாருங்க

மினி ப்ராஜெக்ட் தலைப்பு தேடுறவங்களுக்கு ஒரு யோசனை. கூகுள் எர்த் எஞ்சினில் மோடிஸ் பனித் தரவு 2000-லிருந்து மாணவர்களுக்கு இலவசம். ஹிமாச்சலின் சந்திரா ஆற்றுப் படுகையை எல்லையா எடுத்துக்குங்க. ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி, ஏப்ரல் ரெண்டு மாசத்துக்கும் பனிப்பரப்பைக் கணக்கிட்டு வரைபடம் போடுங்க. மொத்தமா பார்க்காம 500 மீட்டர் உயரப் பட்டைகளாகப் பிரிச்சுப் பாருங்க. மாற்றம் எந்தப் பட்டையில் அதிகம் என்பதுதான் சுவாரசியமான கேள்வி. மேகம் மூடின நாட்களை என்ன செஞ்சீங்கன்னு ரிப்போர்ட்டில் கண்டிப்பா எழுதுங்க. வைவாவில் முதல் கேள்வி அதுவாத்தான் இருக்கும்.

கை கணக்குக்கு மூணு கேள்வி:

1. 2,000 மீட்டரில் வெப்பநிலை 8 டிகிரி. 0 டிகிரிக் கோடு எங்கே? 1.5 டிகிரி சூடானால் எவ்வளவு ஏறும்?
2. அடர்த்தி 250 கிலோ, ஆழம் 80 செ.மீ. நீர்ச் சமானம் எத்தனை மி.மீ.? டிகிரி-நாள் எண் 4, சராசரி 5 டிகிரி என்றால் எத்தனை நாளில் தீரும்?
3. பச்சை 0.70, அகச்சிவப்பு 0.20. இது பனியா?

விடைகள்: முதல் கேள்விக்குச் சுமார் 3,230 மீட்டர், ஏறுவது சுமார் 230 மீட்டர். ரெண்டாவதுக்கு 200 மி.மீ., 10 நாள். மூணாவதுக்குக் குறியீடு 0.56, எல்லையைத் தாண்டுது. ஆனா அண்மை அகச்சிவப்பையும் பார்த்த பிறகுதான் பனின்னு முடிவு செய்யணும்.

இந்து குஷ் இமயமலை உலகச் சராசரியைவிட வேகமா சூடாகுது. உலக வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் அங்கே குறைஞ்சது 0.3 டிகிரி கூடுதலா, வடமேற்கு இமயமலையில் குறைஞ்சது 0.7 டிகிரி கூடுதலா இருக்கும்னு ஐசிமோட்டின் 2019 மதிப்பீடு சொல்லுது. 0.7-ஐ 6.5-ஆல் வகுத்துப் பாருங்க. அந்தக் கூடுதல் மட்டுமே பனிக்கோட்டை 100 மீட்டருக்கு மேல ஏத்திடும். பாகூர் ஏரி உடைஞ்சா நாலு ஊர் சேர்ந்து கரையை அடைச்சிடலாம். அங்கே கரையா நிற்கிறது குளிர் மட்டும்தான். அதைக் காப்பாத்த ஒரே வழி புகையையும் எரிபொருளையும் குறைக்கிறது. அந்த வேலை லடாக்கில் மட்டும் செஞ்சு முடியாது, பிள்ளையார்குப்பத்திலும் நடக்கணும்.